ஐந்தாம் தூணின் கற்கள்

அத்தியாயம் 11

அமுதவல்லியைப் போன வாரம் அண்ணன் வீட்டின் பின்பக்க அறையில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். தூங்கினாளா என்று யாரும் கேட்க வேண்டாம். நாலு வருஷம் கழித்துச் சொந்த ஊரில் தலை சாய்த்தவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

ஊர் அப்படியேதான் இருந்தது. பழவேற்காட்டு ஏரிக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் சிப்பிமேடு. நூற்று இருபது வீடுகள், ஓர் அம்மன் கோயில், கரையோடு சேர்க்க ஒரே ஒரு பாலம். மாறியிருந்தது அண்ணன்தான். தேவேந்திரன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளிடம் பேசுவதும் இல்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் மனைவி ஐஸ்வர்யாவிடம், "அந்தப் பொண்ணு சாப்டுச்சானு கேளு" என்பான். அந்தப் பொண்ணு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும்.

அவன் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊரறிய அவன் வாக்குக் கொடுத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சென்னைக்குப் போய் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். அந்தக் கோபமாவது நாள்பட ஆறியிருக்கும். போன வருஷம் ஐப்பசியில் அப்பா வரதன் இறந்தபோது அவள் எங்கோ மலைமேல் ஓர் அணைக்கட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தகவல் தெரிந்து, பஸ் மாறி ரயில் மாறி வந்து சேர்ந்தபோது நைனாவை மண்ணில் வைத்து ஒரு நாள் முழுசாக ஆகியிருந்தது. அன்று சாயங்காலமே திரும்பிப் போனாள். இரு என்று சொல்ல ஆள் இல்லை.

இப்போது வந்ததும் வேலைக்காகத்தான். ஏரியைச் சுற்றியுள்ள ஆறு பாலங்களைப் படம் பிடித்து, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா, தூண் இறங்கியிருக்கிறதா என்று அறிக்கை கொடுக்க வேண்டும். ஐந்து பாலங்கள் முடிந்தன. ஆறாவது சிப்பிமேட்டுப் பாலம்.

அதைப் பார்க்க வாய்த்த ஞாயிற்றுக்கிழமையில்தான் ஐஸ்வர்யாவுக்கு வளைகாப்பும் வந்து சேர்ந்தது.

ஞாயிறு விடிந்ததும் ஐஸ்வர்யா டீயோடு வந்து, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா?"

"இன்னா அண்ணி?"

"மொத வளையலு யாரு போடறதுனு ராத்திரி ஒரே பேச்சு. எங்கம்மா போன்ல ஒரு பேர சொல்லிச்சு, உங்க பெரிம்மா ஒரு பேர சொல்லிச்சு. உங்கண்ணன் வாயே தொறக்கல. காலைல பல்லு வெளக்கிகினே சொல்றாரு, நாத்தனா ஊட்டுலயே கீறப்போ வேற யாரு போடறதுன்னு."

"நாத்தனான்னா சொன்னாரு?"

"நாத்தனான்னுதான் சொன்னாரு."

அமுதவல்லி டீயை ஊதினாள். அது ஆறித்தான் போயிருந்தது. ஆனால் முகத்தை மறைத்துக்கொள்ள அவளுக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

"பத்தரைக்குள்ள வந்துடு அமுதா. எங்க சனம் சுண்ணாம்புக்குளத்துலேந்து வேன்ல வர்றாங்க, முப்பத்தஞ்சு பேரு. பதினொண்ணுக்கு மேலதான் நல்ல நேரம்."

அவள் போன பிறகு அமுதவல்லி பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்துக் கட்டில்மேல் விரித்து வைத்தாள். வந்து அவசர அவசரமாகத் தேடக் கூடாது அல்லவா? நாலு வருஷத்தில் அண்ணன் அவளுக்காக இடம் ஒதுக்கிய முதல் நாள் இது. இதைத் தவறவிட்டால் இன்னொன்று வரும் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை.

* * *

ட்ரோனைப் பறக்கவிட ஏழிலிருந்து ஒன்பது மணி வரைதான் அனுமதி. பக்கத்தில் ராக்கெட் விடும் இடம் இருப்பதால் அந்த ஏரிக்கு மேலே நினைத்த நேரத்தில் எதையும் பறக்கவிட முடியாது. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை அது. ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் வானத்தைப் பார்க்க வேண்டும். கூட வந்த ஜெஸ்ஸிக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்து, அனுப்பம்பட்டில் ரயிலேறிப் போய்விட்டாள். இன்றைக்கு இரண்டு வேலையும் அமுதவல்லிக்குத்தான்.

பைக்கில் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய், தூங்குமூஞ்சி மர நிழலில் பெட்டியைத் திறந்தாள். ட்ரோன் எழும்பி, பாலத்தின் அடிவயிற்றுக்குள் நுழைந்தது. அங்கே இடம் காட்டும் செயற்கைக்கோளும் கை கொடுக்காது. விளக்கைப் போட்டு, கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்து, கையால்தான் ஓட்ட வேண்டும். செம்பருந்து ஒன்று வந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தின்கிற பண்டம் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

இந்த வேலையில் பேச்சுத்துணை கிடையாது. பேட்டரி குறைந்தால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரிக்கும். அன்று காலை அமுதவல்லியிடம் பேசிய இரண்டாவது குரல் அதுதான்.

முதல் தூண் சரி. இரண்டு, மூன்று, நாலு எல்லாம் சரி. ஐந்தாம் தூணுக்கு வந்தபோது அவள் விரல் தானாக நின்றது.

தூணின் தலையில் உத்தரம் உட்காரும் இடத்திலிருந்து, சாய்வாக மேல்நோக்கி ஒரு கோடு ஏறியிருந்தது. உத்தரத்தின் நடுவில் மயிரிழை போலக் கோடுகள் விழுவது உண்டு. அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். தாங்கும் இடத்தில் சாய்வாகக் கிழிந்தால் அது வேறு சங்கதி. பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு காசை உள்ளே செருகிவிடலாம். உத்தரத்துக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் மெத்தை பாதி வெளியே பிதுங்கியிருந்தது. போன வருஷம் மாசியில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் கோடும் இல்லை, பிதுக்கமும் இல்லை. அளந்து பார்த்ததில் தூண் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது.

தூண் ஏன் இறங்க வேண்டும்? ட்ரோனைக் கீழே கொண்டுவந்தாள். வைகாசி மாதம், ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. மற்ற தூண்களின் காலடியில், மண்ணைத் தண்ணீர் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள் சிப்பி ஒட்டிக்கொண்டு வட்டமாகத் தெரிந்தன. ஐந்தாம் தூணின் காலடியில் ஒரு கல்கூட இல்லை. அந்த இடத்தில் பள்ளம் விழுந்து, தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

சென்னையில் இருந்த மேலாளர் ராபர்ட்டுக்குப் படங்களை அனுப்பிவிட்டுப் பேசினாள்.

"சீரியஸ்தான்மா," என்றார் அவர். "நான் ஆபீசருக்கு அனுப்பிடறேன். ஞாயித்துக்கிழமை, அவர் பாத்து ஆர்டர் போட மத்தியானம் ஆயிடும். அதுவரைக்கும் வண்டிய நிறுத்தற அதிகாரம் நமக்கு இல்ல."

"அதுக்குள்ள பெரிய வண்டி வந்தா சார்?"

ராபர்ட் கொஞ்சம் யோசித்தார். "சொல்லிப் பாரு" என்றார்.

மணி ஒன்பது ஐந்து. ஐஸ்வர்யாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தலைவாரி, பூத் தைத்துக்கொண்டிருப்பார்கள். தேவேந்திரனுக்கு அடிக்க வழியே இல்லை. அவள் நம்பரை அவன் தடுத்து வைத்து நாலு வருஷம் ஆகிறது. வேறு யாருடைய எண்ணும் அவளிடம் இல்லை. சொந்த ஊரில் கூப்பிட ஒரே ஒரு ஆள் இருப்பது எப்படிப்பட்ட தனிமை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றால், அதற்குள் வண்டி பாலத்தில் ஏறிவிட்டால்? பைக்கைப் பாலத்தின் வாயில் குறுக்கே நிறுத்தினாள். ஆரஞ்சுத் துப்பட்டாவைக் கழற்றி, கேமராத் தாங்கியின்மேல் கட்டி நட்டாள். வெயிலில் போய் நின்றாள்.

* * *

ஐஸ் ஏற்றி வந்த லாரிக்காரர் ஐந்து நிமிஷம் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டு ஆட்டோக்கள் ஆளை இறக்கிவிட்டுப் போயின. பத்தேகாலுக்கு வேன் வந்தது. முகப்பில் வாழைக்கன்று, சன்னலெல்லாம் பட்டுப்புடவை, உள்ளே ஏழு வகைச் சாதத்தின் மணம்.

முதலில் இறங்கியது ஐஸ்வர்யாவின் அம்மா பச்சையம்மா.

"இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா வழிய மறிச்சிகினு நிக்கிற?"

"அத்தே, பாலத்துல பெரிய விரிசல் கீது. வேன் போவக் கூடாது. எல்லாரும் எறங்கி, பத்து பத்து பேரா நடந்து போயிடுங்க. நடக்கறதுக்கு ஒண்ணும் ஆவாது."

"நேத்திக்கு ஐஸ் வண்டி போச்சே," என்றார் வேன் டிரைவர். "அது எங்களவிட ரெண்டு பங்கு கனம்."

"நேத்திக்குத் தாங்கிச்சு. இன்னிக்குத் தாங்கும்னு நான் சொல்ல முடியாது."

"யாரு சொன்னா நிறுத்தச் சொல்லி? பேப்பர் கீதா?"

பேப்பர் இல்லை. அவள் பைக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். வேனை ஒரு முழம் முன்னால் நகர்த்தியும் பார்த்தார். சக்கரம் பைக்கைத் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது. அமுதவல்லி நகரவில்லை.

"மவளே," என்று பச்சையம்மா கிட்டே வந்தாள். குரலில் கோபத்தைவிட வேதனைதான் இருந்தது. "வளைகாப்புக்கு வர்ற சனத்த நடு வழியில எறக்கி, சாதத்தத் தலையில தூக்கிகினு நடக்க வெக்கிறியே, இது சகுனமா? எம்பொண்ணுக்கு மொத புள்ள."

"அதுக்குத்தான் அத்தே சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அங்க வந்து வளையலும் போட வேணாம்."

அதன் பிறகு எல்லாரும் இறங்கினார்கள். பத்துப் பத்துப் பேராகத்தான் போக வேண்டும் என்று அவள் கெஞ்சியதை மட்டும், முகம் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். பட்டுப்புடவைகளும் வரிசைத் தட்டுகளும் சாதக் குண்டான்களும் பாலத்தின்மேல் வரிசையாகப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் தூணை ஒவ்வொரு கூட்டமும் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒருவரும் திரும்பி அவளை வா என்று கூப்பிடவில்லை.

வேன் திரும்பிப் போனதும் அக்கரையில் அவளும் தூங்குமூஞ்சி மரமும்தான் மிச்சம். அழலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் வேக வேகமாக நடந்து வருவது தெரிந்தது. பட்டு வேட்டி. தேவேந்திரன்.

எதிரே வந்து நின்றான். வழக்கம்போல, சொல்லவேண்டியதைச் சொல்லி அனுப்ப யாராவது கிடைப்பார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தான். ஈ காக்கை இல்லை. வேறு வழியில்லாமல் அவனே பேச வேண்டியதாயிற்று.

"இன்னா நெனச்சிகினு கீற நீ?"

நாலு வருஷத்தில் முதல் வார்த்தை. வசவாக இருந்தால் என்ன, அவளிடமே சொன்ன வார்த்தை.

"பாலம் தாங்காதுண்ணா."

"இருவது வருசமா தாங்கிச்சு. நீ வந்ததும் தாங்காதா?"

திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். விரிசலைப் பார்த்து அவன் அசரவில்லை. "சிமிட்டின்னா கோடு வுழத்தான் செய்யும்" என்றான். அவள் அடுத்த படங்களைத் தள்ளினாள். ஒன்றாம் தூணின் காலடி. இரண்டாம் தூண். மூன்று, நாலு. ஐந்தாவது படம் வந்ததும் அவன் கண்ணை எடுத்துவிட்டான்.

"கல்லு எங்கண்ணா?"

அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"போன வருசம் அஞ்சாம் தூணு பாடு யாருக்கு வுழுந்துச்சு?"

இதற்கு மட்டும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஏரியில் கண்ட இடத்தில் கண்டவர் வலை கட்ட முடியாது. வருஷா வருஷம் கோயில் வாசலில் சீட்டு எடுப்பார்கள். எந்த இடம் யாருக்கு விழுகிறதோ, அந்த வருஷம் முழுக்க அது அவருடைய பாடு. பாலம் வந்த பிறகு தூண்களுக்கு நடுவே உள்ள இடங்களும் பாட்டுக் கணக்கில் சேர்ந்தன. ஐந்தாம் தூண் பக்கம்தான் நீரோட்டம் அதிகம், இறாலும் அதிகம்.

"எனக்குத்தான் வுழுந்துச்சு," என்றான் தேவேந்திரன். "வலை கட்டினா தெனம் கல்லுல மாட்டிக் கிழியுது. இழுத்தா வருது, பாதி வலை. கோடைல தண்ணி எறங்கனதும் நானும் கூட்டாளிங்க மூணு பேரும் சேந்து எடுத்துட்டோம். ஒரு வாரம் ஆச்சு."

"எடுத்ததப் பக்கத்துலயே போட்டிருக்கலாமே?"

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எப்பிடிப் போடுவேன்? இந்தாண்ட நாலாம் தூணு குப்பன் பாடு. அந்தாண்ட இன்னொருத்தன் பாடு. எங்க போட்டாலும் எவன் வலையையாச்சும் கிழிக்கும். அடுத்தவன் பாட்டுல கல்லு போடற பழக்கம் நம்ம நைனாவுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஒத்தக் கல்லக்கூட தண்ணில வுடாம கரைக்குக் கொண்டாந்துட்டோம்."

அமுதவல்லிக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. கொஞ்சம் அயோக்கியனாக இருந்து நாலு கல்லைப் பக்கத்தில் தள்ளிவிட்டிருந்தால்கூட மண் ஓரளவு நின்றிருக்கும். அடுத்தவனுக்குக் கெடுதல் செய்யக் கூடாது என்று ஒரு கல் விடாமல் அள்ளியதில்தான், ஐப்பசி வெள்ளம் தூணின் அடிமண்ணை முழுசாக அரித்துக்கொண்டு போயிருக்கிறது.

"கரையில எங்க கீது?"

தேவேந்திரன் மோவாயால் ஊர்ப் பக்கம் காட்டினான். "நீ படுத்து எந்திரிக்கிறியே, அந்த ரூமுக்கு அடியிலதான்."

அவள் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நைனா சாவறதுக்கு மொத நாளு சொல்லிச்சு. அவ என்னிக்காச்சும் வருவா, தண்ணி ஏறாத எடமா ஒண்ணு கட்டி வெய்யின்னு." அவன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதான் கரையில கெடந்த கல்லப் போட்டு அம்மாம் ஒசரம் தூக்கிக் கட்டினேன்."

வீட்டில் மற்ற அறைகளைவிட இரண்டு படி உயரமாக அந்த அறை ஏன் இருக்கிறது என்று வந்த அன்றே அவள் நினைத்தாள். அண்ணனிடம் கேட்க முடியாததால் கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசாத அண்ணன், அந்தப் பாறாங்கற்களை அவளுக்காகச் சுமந்து அறை கட்டியிருக்கிறான். அதைச் சொல்லவும் இல்லை. அவன் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்கவும் செய்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

"எழுதப் போறியா?" என்றான்.

"விரிசல மட்டும் எழுதினா அத அடச்சி, மேல பூசிட்டுப் போயிடுவாங்க. அடியில மண்ணு இல்லண்ணா. அடுத்த மழைக்கு மறுபடி எறங்கும். அப்போ மேல எந்த வண்டி போவுதோ, யாரு கண்டா?"

"கேசு வருமா?"

"தெர்ல."

"கூட்டாளிங்க மூணு பேரும் புள்ளகுட்டிக்காரங்க. என் பேச்சக் கேட்டுதான் வந்தாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் நிற்பான், வீட்டுக்கு வா என்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் நிற்கவில்லை.

* * *

ஊர் எல்லைக்குள் அவள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. ராபர்ட் பேசி, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தடுப்பு வைக்க ஆள் வந்த பிறகுதான் அவளால் இடத்தைவிட்டு நகர முடிந்தது.

கூடத்தில் பாட்டும் சிரிப்பும் கேட்டன. பின்வாசல் வழியாகவே அறைக்குள் போனாள். முதல் வளையலை யாரோ எப்போதோ போட்டாகிவிட்டது. காலையில் விரித்துவைத்த புடவை கட்டில்மேல் அப்படியே இருந்தது. அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் சிமெண்டைத் தடவிப் பார்த்தாள். அடியில் கிடக்கும் கற்களை நினைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தரை ஒன்றுதான், அதுவும் பாலத்தினுடையது.

சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. ஒரு தட்டுச் சாதத்தை யாரோ கதவருகே வைத்துவிட்டுப் போனார்கள். அவள் சாப்பிடவில்லை.

மூன்று மணிக்கு அதிகாரியின் அழைப்பு வந்தது. அந்த அறையில் சிக்னல் குறைவு; சன்னல் கட்டையில் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கும்.

"நல்ல வேலை பண்ணீங்கம்மா. பாலத்துல வண்டி போகக் கூடாதுன்னு ஆர்டர் போட்டாச்சு. ஒரே ஒரு விஷயம். போன வருஷப் படத்துல தூணைச் சுத்திக் கல் இருக்கு, இப்ப இல்ல. தண்ணி அடிச்சிட்டுப் போற சைஸ் இல்ல அது. யாரோ எடுத்திருக்காங்க. நான் புகார் கொடுத்தாகணும். யார் யார்னு ஊர்ல விசாரிச்சீங்களா?"

அவள் வாயைத் திறக்குமுன் பின்வாசலில் நிழல் விழுந்தது. தேவேந்திரன் இரண்டு படி ஏறி உள்ளே வந்தான். அவள் வந்து தங்கிய இத்தனை நாளில் அந்த அறைக்குள் அவன் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. சன்னல் கட்டையை நோக்கிக் குனிந்தான்.

"சார், கல்ல எடுத்தது நான். எம்பேரு தேவேந்திரன்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார். நான் ஒருத்தன்தான்."

"அவ்ளோ கல்லையும் ஒரே ஆளா?"

"கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன் சார்."

"நீங்க யாரு? அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

"அமுதவல்லிக்கு அண்ணன் சார்."

அவள் பெயர் அவன் வாயில் வந்தது. அந்தப் பொண்ணு இல்லை, நாத்தனா இல்லை, அமுதவல்லி. இதற்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! கேட்டதும் வந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதிகாரி, "ஏம்மா," என்றார், "ஸ்பாட்டுல இருக்கறது நீங்க. காலைல அத்தன பேரையும் எதிர்த்துக்கிட்டு வண்டிய நிறுத்தியிருக்கீங்க. நீங்க சொல்றத நான் அப்படியே எழுதிக்கறேன். இவர் சொல்றது சரிதானா?"

தேவேந்திரன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். ஒரு தடவை தலையை அசைத்தான். மூன்று குடும்பங்களை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

உண்மையை மறைக்கக் கூடாது என்றுதான் காலையெல்லாம் அவள் வெயிலில் நின்றாள். நாலு பேர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாரம் நாலாகப் பிரியும். அண்ணன் தலையில் கால் பங்குதான் விழும். ஆனால் அவன் அவளிடம் கேட்பது அது இல்லையே. நாலு வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட ஒரே உதவி, தன்னைத் தனியாகக் காட்டிக் கொடு என்பதுதான்.

"ஆமா சார்," என்றாள். "கல்ல எடுத்தது எங்கண்ணன். அவரு ஒருத்தர்தான்."

"சரிம்மா. நாளைக்குக் காலைல ஸ்டேஷன்லேர்ந்து வருவாங்க. அவர எங்கயும் போக வேணாம்னு சொல்லுங்க."

இணைப்பு அறுந்தது. தேவேந்திரன் போனை எடுத்து அவள் கையில் வைத்தான். "சாப்டு" என்றான். கூட்டாளிகளிடம் சொல்வதற்காக, பின்வாசல் படியிறங்கிக் கரைப்பக்கம் போனான்.

கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. கன்னத்தில் சந்தனமும் இரண்டு முழங்கை வரை கண்ணாடி வளையலுமாக ஐஸ்வர்யா நின்றிருந்தாள். அம்மா வீட்டுக்குக் கிளம்புமுன் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ? கூடத்திலிருந்து வரும்போது அமுதவல்லியின் குரலும் போனில் வந்த குரலும்தான் அவள் காதில் விழுந்திருக்கின்றன, புருஷன் உள்ளே நின்று பேசியது தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஸ்டேஷன்லேந்து யாரு வர்றாங்க?" என்றாள். "போன்ல யாரு பேர சொன்ன நீ?"

அண்ணனே சொல்லச் சொன்னார் என்று சொல்லிவிடலாம். கூடக் கல் சுமந்தவர்கள் யார் என்று தெரிந்த ஐஸ்வர்யா, சொன்ன அடுத்த நிமிஷமே தெருவில் இறங்கி, அந்த மூன்று பேர் வீட்டு வாசலிலும் நின்று கத்துவாள். அண்ணன் தலைமேல் எடுத்துப்போட்டுக்கொண்டதெல்லாம் இன்றைக்கே வீணாகும்.

"கேக்கறேன் இல்ல? யாரு பேர சொன்ன?"

"எங்கண்ணன் பேர" என்றாள் அமுதவல்லி.